கார் கதவு கைப்பிடி: கழற்றுவது சுலபம், மாட்டுவதில்தான் சூட்சுமம்

வெளிப்புற டோர் ஹேண்டில் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான வடசென்னைக் கடலோரப் பகுதிகளிலிருந்து வந்தவை. உப்புக்காற்றும் துறைமுகச் சாலைத் தூசியும் சேர்ந்தால் கதவின் கீல், கொக்கி, ஸ்பிரிங் எதுவும் தப்பாது. பலரும் கேட்டிருப்பதைத் தேர்ந்தெடுத்துப் பதில் சொல்கிறோம்.

கேள்வி: பழைய ஆல்டோ 800. முன் இடது கதவின் கைப்பிடியைத் தூக்கினால் தொளதொளவென்று வருகிறது, கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து திறக்கிறது. ‘லாக் செட்டையே மாத்தணும்’ என்கிறார் மெக்கானிக். வீட்டிலேயே பார்க்க முடியுமா?
*– தண்டையார்பேட்டை வாசகர்*

பதில்: ‘உள்ளேயிருந்து திறக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. கதவைப் பூட்டிப் பிடிக்கும் கொக்கி வேலை செய்கிறது. அப்படியானால் பழுது மூன்று இடங்களில் ஒன்றில்தான்: கைப்பிடி, அதிலிருந்து லாக்குக்கு இறங்கும் கம்பி, அந்தக் கம்பியைப் பிடித்திருக்கும் சின்ன பிளாஸ்டிக் கிளிப். லாக் செட்டுக்குக் காசு கொடுக்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். கைப்பிடியைத் தூக்கி விட்டுவிடுங்கள். தானாகத் திரும்பிப் படிந்தால் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது, கம்பிதான் கழன்றிருக்கும். கிளிப் மாற்றினால் போதும். அப்படியே தொங்கிக்கொண்டிருந்தால் ஸ்பிரிங்கோ கைப்பிடியின் பின்பக்கக் காதோ உடைந்திருக்கிறது. கைப்பிடி புதிதாக வேண்டும்.

தேவையானவை: பத்தாம் நம்பர் சாக்கெட், அதற்கு நீளமான எக்ஸ்டென்ஷன், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், துணி சுற்றிய பட்டித் தகடு, மாஸ்கிங் டேப், டார்ச், காந்தம், முழுக்கை சட்டை. கடைசியாகச் சொன்னதை விளையாட்டாக நினைக்காதீர்கள். கதவின் உள்தகட்டில் வெட்டியிருக்கும் ஓட்டைகளின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். டோர் பேடுக்கான (கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் அட்டை) கிளிப்களில் ஒன்றிரண்டு உடையாமல் வராது. அதே மாடலுக்கு அரை டஜன் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையைக் காலையில் தொடங்குங்கள். கதவுக்குள் பிளாஸ்டிக் தாளை ஒட்டியிருக்கும் கறுப்புப் பசை மதிய வெயிலில் இளகி நூல் நூலாக இழுக்கும், எதைத் தொட்டாலும் ஒட்டும். காலையில் சுத்தமாக உரிந்து வரும். சந்து குறுகலாக இருந்தால், கதவு திறக்க இடம் விட்டு, வேலை செய்யும் கதவு சுவர்ப் பக்கமாக இருக்கும்படி வண்டியை நிறுத்துங்கள்.

முதலில் கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றுங்கள். கண்ணாடி கீழே இருந்தால் கைப்பிடியின் பின்புறத்துக்குக் கை போகாது. கண்ணாடியைக் கையால் சுற்றும் மாடல் என்றால் அந்தச் சுற்றுப்பிடியின் பின்னால் குதிரை லாட வடிவில் ஒரு கம்பிக் கிளிப் இருக்கும். சுற்றுப்பிடிக்கும் டோர் பேடுக்கும் நடுவே ஒரு துணிப்பட்டையை விட்டு, இரு முனைகளையும் பிடித்து, முதுகு தேய்ப்பதுபோல் மாறி மாறி இழுங்கள். துணி கிளிப்பில் மாட்டி அதை வெளியே தள்ளிவிடும். கிளிப் துள்ளிப் பறக்கும், மறு கையை மேலே மூடி வையுங்கள்.

அடுத்து, கதவை இழுத்துச் சாத்தும் பிடியின் குழிக்குள்ளும் உள்கைப்பிடியின் பின்னாலும் இருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். டோர் பேடைக் கீழ் மூலையிலிருந்து நெம்ப ஆரம்பியுங்கள். கிளிப் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நெம்ப வேண்டும். நடுவில் நெம்பினால் அட்டை கிழியும், கிளிப் அங்கேயே நிற்கும். சுற்றிலும் விட்டதும் பேடை உங்களை நோக்கி இழுக்காமல் மேல்நோக்கித் தூக்குங்கள். மேல் விளிம்பு கண்ணாடிப் பள்ளத்தில் மாட்டியிருக்கும்.

பிளாஸ்டிக் தாளை வெட்டவே கூடாது. பின்பக்க மேல் மூலையிலிருந்து கை நுழையும் அளவுக்கு மட்டும் உரித்து மடித்து வையுங்கள். இப்போது டார்ச் அடித்துப் பார்த்தால் கைப்பிடியிலிருந்து இறங்கும் கம்பி தெரியும். எதையும் தொடுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். கம்பியைப் பிடித்திருக்கும் கிளிப்பை இழுக்காதீர்கள். அதன் வளைந்த பகுதியைக் கம்பியிலிருந்து சுழற்றி விடுவித்தால் கம்பி தானாக வெளியே வரும். இழுத்தால் உடையும், உப்புக்காற்றில் வருடக்கணக்கில் இருந்த பிளாஸ்டிக் என்றால் சொல்லவே வேண்டாம்.

கைப்பிடியைப் பிடித்திருப்பவை பெரும்பாலும் பத்தாம் நம்பர் தலையுள்ள இரண்டு போல்ட்கள். கழற்றும் முன் கதவின் அடிப்பகுதியில் ஒரு பழைய துணியைத் திணித்து வையுங்கள். விழுந்த போல்ட் துணிமேல் கிடக்கும், காந்தத்தால் எடுத்துவிடலாம். வெளியே கைப்பிடியைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டினால் பெயின்டில் கீறல் விழாது.

மாட்டும்போது கைப்பிடிக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பேடை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் கைப்பிடி பெயின்டை உரசி, அந்த இடத்தில் துரு பிடிக்கும். இரண்டு போல்ட்டையும் முதலில் விரலால் மட்டும் ஏற்றி, வெளியே கைப்பிடி பள்ளத்தின் நடுவில் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, பிறகு இறுக்குங்கள். சாக்கெட் நின்றதும் கால் சுற்று போதும். அதற்கு மேல் முறுக்கினால் கைப்பிடியின் காது வெடிக்கும்.

இனிதான் முக்கியமான கட்டம். கதவைச் சாத்தாதீர்கள். கதவைத் திறந்து வைத்தபடியே, விளிம்பில் இருக்கும் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி மூடுங்கள். டிக், டிக் என்று இரண்டு முறை சத்தம் வரும். முதலாவது அரைப் பூட்டு, இரண்டாவது முழுப் பூட்டு. இப்போது வெளிக் கைப்பிடியைத் தூக்குங்கள். கொக்கி சட்டென்று திறக்க வேண்டும். உள்கைப்பிடியிலும், லாக் போட்டும் எடுத்தும் இதையே செய்து பாருங்கள். இதைச் செய்யாமல் ‘முடிஞ்சது’ என்று கதவை அறைந்து சாத்தினால், இரண்டு பக்கமும் திறக்காத கதவோடு உட்கார வேண்டியிருக்கும்.

கேள்வி: இழுத்துத் திறக்கும் வகைக் கைப்பிடி. டோர் பேடைக் கழற்றாமலே எடுத்துவிடலாம் என்கிறார்களே, உண்மையா?
*– திருவொற்றியூர் வாசகர்*

பதில்: பல கார்களில் உண்மை. கதவைத் திறந்து அதன் பின் விளிம்பைப் பாருங்கள். கொக்கிக்கு மேலே, கைப்பிடியின் உயரத்தில் ஒரு வட்ட ரப்பர் மூடி இருக்கும். அதை எடுத்தால் உள்ளே ஒரு ஸ்க்ரூ தெரியும். பெரும்பாலும் ஆறு முனை நட்சத்திர வடிவ டார்க்ஸ்தான், காருக்கு ஏற்ப டி20 முதல் டி30 வரை. அந்த ஸ்க்ரூ பிடித்திருப்பது கைப்பிடியை அல்ல. கைப்பிடியின் பின்முனைக்குப் பக்கத்தில் இருக்கும் மூடியை, டிரைவர் கதவில் என்றால் சாவித்துளை உருளையை.

ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள், முழுக்க வெளியே எடுக்காதீர்கள். சில சுற்றுகளில் லேசாகிவிடும், அங்கேயே நிறுத்துங்கள். பல கார்களில் அது வெளியே வர வேண்டிய அவசியமே இல்லை. வலுக்கட்டாயமாக எடுத்தால் உள்ளே இருக்கும் பிடி கதவுக்குள் விழும், பிறகு டோர் பேடைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மூடி வந்ததும் கைப்பிடியைப் பின்பக்கமாக நகர்த்தி, பின்முனையை வெளியே திருப்பி, முன்முனைக் கொக்கியை விடுவியுங்கள். மாட்டும்போது முன்முனை முதலில், பின்முனை பிறகு, மூடி கடைசியில். சில ஐரோப்பிய கார்களில் கைப்பிடியை வெளியே இழுத்துப் பிடித்தபடிதான் அந்த ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். வரிசை மாறினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கொக்கி இடம் மாறிவிடும்.

உங்கள் கைப்பிடியில் ஸ்மார்ட் கீ பட்டன் இருந்தால் இந்தக் குறுக்குவழி பெரும்பாலும் பலிக்காது. கைப்பிடியிலிருந்து ஒயர் உள்ளே போகிறது, அதன் கனெக்டர் கதவுக்குள் இருக்கிறது. பேடைக் கழற்றி கனெக்டரை விடுவித்துவிட்டுத்தான் கைப்பிடியை இழுக்க வேண்டும். ஒயர் உள்ள எந்தக் கதவிலும் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, சில நிமிடம் பொறுத்து வேலையைத் தொடங்குங்கள். சில புதிய கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான அழுத்த உணரி முன் கதவுக்குள்ளேயே இருக்கிறது. டோர் பேட் இல்லாத நிலையில் இக்னிஷனைப் போட்டுவிட்டுக் கதவை அறைவது விஷப் பரீட்சை.

கேள்வி: கதவின் பின் விளிம்பில் இருக்கும் அந்த ஸ்க்ரூ துருப்பிடித்து அசையவே மாட்டேன் என்கிறது. வீடு காசிமேடு, கடலுக்கு எதிரிலேயே வண்டி நிற்கிறது.

பதில்: நட்சத்திரக் குழியில் உப்பும் தூசியும் கெட்டித்திருந்தால் பிட் முழு ஆழத்துக்கு இறங்காது, மேலோட்டமாகப் பிடித்து முனைகளை வழித்துவிடும். முதலில் கோணி ஊசியால் குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஒரு மணி நேரமாவது ஊற விடுங்கள். பிட்டைக் குழியில் வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி உட்கார வையுங்கள். கழற்றும் முன் ஒரு இம்மி இறுக்கிப் பாருங்கள், துரு உடையும், பிறகு கழற்றுங்கள். லைட்டர், புளோ டார்ச் என்று சூடு காட்டும் யோசனை வேண்டாம். பக்கத்திலேயே பெயின்டும் பிளாஸ்டிக்கும் இருக்கின்றன. மாட்டும்போது மரையில் சிறிது கிரீஸ் தடவி, அந்த ரப்பர் மூடியையும் திரும்பப் போடுங்கள். அது தொலைந்துபோனதுதான் பல நேரங்களில் இந்தத் துருவுக்கே காரணம்.

கேள்வி: புதுக் கைப்பிடி மாட்டிய பிறகு கதவு சரியாகப் பூட்டுவதில்லை. சாத்தினால் திரும்பி வருகிறது, சில நேரம் அரைகுறையாக நிற்கிறது.
*– பெரம்பூர் வாசகி*

பதில்: சரிசெய்யும் வரை அந்தக் கதவுப் பக்கம் யாரையும் உட்கார வைக்காதீர்கள். அரைப் பூட்டில் நிற்கும் கதவு ஓட்டத்தில் திறந்துகொள்ளலாம்.

காரணம் கம்பியின் நீளம். கைப்பிடி சும்மா இருக்கும்போதே கம்பி லாக்கின் நெம்புகோலைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்திருந்தால் கொக்கி முழுதாகப் பூட்டாது. இதற்கு நேர்மாறாகக் கம்பி அதிகம் தொய்ந்திருந்தால் பூட்டும், ஆனால் கைப்பிடியை முழுக்கத் தூக்கினாலும் திறக்காது. இரண்டுக்கும் நடுவில், கைப்பிடி ஓய்வில் இருக்கும்போது கம்பியில் சுமார் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். விரலால் ஆட்டிப் பார்த்தால் லேசாகத் தட்டுப்பட வேண்டும், அவ்வளவுதான்.

பல கார்களில் கம்பியின் முனையில் மரை போட்டு அதில் ஒரு பிளாஸ்டிக் நட் இருக்கும். கம்பியைக் கிளிப்பிலிருந்து எடுத்து, நட்டை ஒரு சுற்று திருப்பி, மாட்டிப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் நகரும், அதனால் ஒவ்வொரு சுற்றாகப் போங்கள். ஒவ்வொரு முறையும் மேலே சொன்ன ஸ்க்ரூ டிரைவர் சோதனை, இரண்டு டிக் சத்தம். நட் இல்லாத வகை என்றால் கம்பியை வளைத்துச் சரிக்கட்டாதீர்கள். கழற்றும்போது கம்பி வளைந்துவிட்டதா, கிளிப்பை வேறு ஓட்டையில் மாட்டிவிட்டீர்களா, இடது கதவுக்கு வலது கைப்பிடி வந்துவிட்டதா என்று பாருங்கள்.

கேள்வி: கைப்பிடி மாற்றியது கார்த்திகையில். முதல் மழைக்கே காலடி கார்பெட் நனைந்துவிட்டது. கைப்பிடி ஓட்டை வழியாகத் தண்ணீர் வருகிறதா?
*– வியாசர்பாடி வாசகர்*

பதில்: கைப்பிடி மேல் பழி போடாதீர்கள். கண்ணாடி ஓரத்து பீடிங் வழியாக மழைத் தண்ணீர் எப்போதும் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், எல்லாக் காரிலும். அது உள்தகட்டில் வழிந்து, கதவின் அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளியேறும். வழியில் அது கார் உள்ளே வராமல் தடுப்பதுதான் அந்தப் பிளாஸ்டிக் தாளின் வேலை. உங்கள் தாள் கிழிந்திருக்கிறது, அல்லது கீழ் விளிம்பு சரியாக ஒட்டவில்லை.

பேடைத் திரும்பக் கழற்றுங்கள். ஒருவர் வெளியே கண்ணாடிமேல் ஒரு குவளை தண்ணீர் ஊற்றட்டும், நீங்கள் உள்ளே தாளைக் கவனியுங்கள். எங்கே ஈரம் தெரிகிறதோ அங்கேதான் கசிவு. பழைய பசையில் தூசி படிந்திருந்தால் திரும்ப ஒட்டாது. அதை எடுத்துவிட்டுப் புதிய பியூட்டைல் டேப் (ரப்பர் பசைப் பட்டை) ஒட்டுங்கள். மீதிப் பசையை எடுக்க பெட்ரோல் வேண்டாம். அதே பசையை உருண்டையாக்கி ஒற்றி ஒற்றி எடுத்தால் வந்துவிடும். செல்லோ டேப், ஃபெவிகால் எல்லாம் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. கதவின் அடி ஓட்டைகளை ஒரு கேபிள் டையால் குத்திப் பாருங்கள். நம் பக்கம் அவை தூசிச் சேறால் அடைபட்டிருப்பது சகஜம். கார்பெட்டைத் தூக்கி அடியில் இருக்கும் ஃபோமைக் காய வையுங்கள். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் அது வாரக்கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருக்கும், தளத் தகடு துருப்பிடிக்கும்.

கேள்வி: உடைந்த கைப்பிடியை எம்-சீல் போட்டு ஒட்டினால் தாங்குமா?

பதில்: தாங்காது. அடிக்கடி மடங்கும் இடத்தில்தான் உடைந்திருக்கும், அங்கே எந்த ஒட்டும் நிற்காது. கதவுக்குள் ஒட்டுத்துண்டு விழுந்து லாக்கில் சிக்கினால் கைப்பிடிச் செலவு லாக் செலவாகிவிடும்.

கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் காரின் பாதிக் கதவு வரை தண்ணீர் நின்றது. அப்போதிலிருந்து பின் கதவுக் கைப்பிடிகள் இரண்டும் இறுக்கம். புதிது மாற்ற வேண்டுமா?
*– மணலி வாசகர்*

பதில்: கைப்பிடி அநேகமாக நன்றாகத்தான் இருக்கும். கொக்கிப் பெட்டிக்குள் சேறு உலர்ந்து கிடக்கிறது. பேடைக் கழற்றி, கம்பியை லாக்கிலிருந்து விடுவித்துவிட்டுக் கைப்பிடியை மட்டும் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் கைப்பிடிமேல் குற்றமில்லை.

கொக்கியைத் திறந்த நிலையில் வைத்து, விளிம்பு வழியாக நல்ல தண்ணீரைக் கொஞ்சமாக விட்டு அலசுங்கள். சென்ட்ரல் லாக் மோட்டார் அந்தப் பெட்டியிலேயே இருக்கும் என்பதால் பிரஷர் பைப் வேண்டாம். துடைத்து, துரு நீக்கும் ஸ்பிரே அடித்துப் பலமுறை பூட்டித் திறந்து, அழுக்கு கறுப்பாக வழிவது நிற்கும் வரை துடையுங்கள். அந்த ஸ்பிரே கிரீஸ் ஆகாது, சீக்கிரம் காய்ந்துவிடும். கடைசியில் வெள்ளை லித்தியம் கிரீஸ் வையுங்கள். தேங்காய் எண்ணெயும் பழைய என்ஜின் ஆயிலும் முதல் வாரம் சுகமாக இருக்கும், பிறகு தூசியைப் பிடித்துப் பிசினாகும். சாவித்துளையில் கிராஃபைட் பொடி மட்டும். பென்சில் முனையைச் சாவிமேல் தேய்த்துச் செருகினாலும் போதும், ஆனால் அதன்மேல் எண்ணெய் விட்டால் பசையாகி அடைத்துக்கொள்ளும்.

அந்த வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகப் பக்கம் எண்ணெயும் கலந்து வந்தது நினைவிருக்கும். உங்கள் வண்டியில் அந்தப் படலம் பட்டிருந்தால் கைப்பிடி பேட், டோர் பீடிங் ரப்பர்களை அமுக்கிப் பாருங்கள். உப்பி மெத்தென்று இருந்தால் அவற்றை மாற்றிவிடுங்கள். உப்பிய பீடிங்கும் கதவை இறுக்கும்.

கேள்வி: பின் கதவு உள்ளேயும் வெளியேயும் திறக்கவில்லை. சாத்திய நிலையில் எப்படிப் பேடைக் கழற்றுவது?
*– கொருக்குப்பேட்டை வாசகர்*

பதில்: உள்ளேயிருந்து திறக்காததற்குச் சைல்ட் லாக் காரணமாக இருக்கலாம், அப்படியானால் வெளிப்பக்கம் மட்டும்தான் பழுது. எதையும் கழற்றும் முன், ஒருவர் வெளியே கொக்கி இருக்கும் இடத்தில் இடுப்பால் கதவை உள்நோக்கி அழுத்தட்டும், இன்னொருவர் அதே நேரம் கைப்பிடியை இழுக்கட்டும். கொக்கியின்மேல் இருக்கும் அழுத்தம் குறைந்து பல கதவுகள் இதற்கே திறந்துவிடும். திறக்கவில்லை என்றால் மறுபக்கக் கதவு வழியாக ஏறி, பேடின் ஸ்க்ரூக்களை எடுத்து, பின் விளிம்பை மட்டும் கை நுழையும் அளவுக்கு நெம்பி, நீளமான ஸ்க்ரூ டிரைவரால் லாக்கின் நெம்புகோலைத் தள்ளுங்கள். ஒன்றிரண்டு கிளிப் போகும், போகட்டும்.

கேள்வி: புதுக் கைப்பிடி கறுப்பாக வந்திருக்கிறது, சாவியும் வேறு. இரண்டு சாவி வைத்துக்கொண்டு அலைய வேண்டுமா?
*– கொடுங்கையூர் வாசகர்*

பதில்: வேண்டாம். பழைய சாவி உருளையையே புதியதில் மாற்றிவிடலாம். பின்புறம் ஒரு சின்ன ‘இ’ வடிவ கிளிப்போ பின்னோ பிடித்திருக்கும். சாவியைச் செருகிய நிலையிலேயே உருளையை இழுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் தகடுகள் தெறிக்கலாம். பின்னால் சுற்றியிருக்கும் ஸ்பிரிங் எந்தப் பக்கம் மாட்டியிருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறத்துக்கு வண்டியின் பெயின்ட் குறியீட்டைக் கொடுத்துக் கலக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பிரைமர் இல்லாமல் அடித்தால் ஆறு மாதத்தில் தோலாக உரியும். அச்சு, உரசும் ஓரங்கள் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடி, மெல்லிய பூச்சாக அடிக்க வேண்டும். அங்கே பெயின்ட் ஏறினால் கைப்பிடி திரும்பி வராமல் சிக்கும். நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற கிளியர் கோட் பூச்சை மட்டும் பெயின்ட் கடைக்காரரிடமே அடிக்கக் கொடுத்துவிடுங்கள். கெட்டியாக்கும் ஹார்டனர் கலந்தது என்றால் அதன் ஆவி நுரையீரலுக்கு ஆகாது, மழைநாள் ஈரத்தில் அடித்தால் பால்போல் வெளுத்தும் போகும்.

கேள்வி: புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் பழைய கைப்பிடி வாங்கலாமா?
*– மண்ணடி வாசகர்*

பதில்: தாராளமாக, பார்த்து வாங்கத் தெரிந்தால். அச்சில் பக்கவாட்டு ஆட்டம் இருக்கக் கூடாது, ஸ்பிரிங் பளிச்சென்று திரும்ப வேண்டும், போல்ட் ஏறும் காதுகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கக் கூடாது. குரோம் பூசியதில் ஒரு கொப்புளம் தெரிந்தாலே விட்டுவிடுங்கள், நம் கடற்காற்றில் அது சீக்கிரமே உரியும். இடது, வலது என்பது டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்க்கும் கணக்கு. வண்டிக்கு முன்னால் நின்று சொன்னால் கடைக்காரர் மாற்றித்தான் கொடுப்பார். புதிதாக, கம்பெனி பாகமாக வாங்குவதானால் மாடல் பெயரைச் சொல்லாமல் சேஸிஸ் நம்பரைக் கொடுங்கள்.